ஊதாக் கோட்டுக்கு உள்ளே

அத்தியாயம் ஒன்பது

“ஆளைப் பிடிச்சிட்டேன்டா. பம்ப் ரூம்ல போட்டுப் பூட்டி வெச்சிருக்கேன். ஜீப்போட வா.”

இவ்வளவுதான் சொன்னார் அண்ணன். வாயில் பற்பசை நுரையோடு நின்ற ஏட்டு, “யாரு, எவன்?” என்று கேட்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஸ்டேஷனில் மட்டுமல்ல, வீட்டிலும் அவர் ஏட்டுதான். உத்தியோகம் கிடைத்த நாளிலிருந்து அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் இருக்கிறது. அந்த ஏட்டுவின் அண்ணன் தோட்டத்திலேயே மரம் திருட்டுப் போகிறது என்பது சில மாதங்களாகத் தெருவுக்கே சிரிப்பு.

முதல் மரம் போனபோது அண்ணன், ‘அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்’ என்று தகரத்தில் எழுதி நட்டார். அடுத்த வாரம் அந்தத் தகரத்தையே யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு அது ஒரு கோழிக்கூண்டின் கூரையாக, எழுத்து தலைகீழாகத் தெரிய, கண்டுபிடிக்கப்பட்டது. “அதைப் படிச்சுக் கோழியாவது பயந்திருந்தா சரி” என்றார் அண்ணி.

அப்போதுதான் ஏட்டு, அரசாங்கம் புதிதாகக் கொண்டுவந்திருந்த ஒரு விதியைச் சொன்னார். பலகையே வேண்டாம். எல்லை மரங்களில், வெளியிலிருந்து வருகிறவன் கண்ணில் படும்படி, நெஞ்சு உயரத்தில் ஊதா நிறத்தில் ஒரு நெட்டுக்கோடு போதும். அதைத் தாண்டி உள்ளே வந்தவன் ‘தெரியாம வந்துட்டேன்’ என்று சொல்ல முடியாது. வந்ததே குற்றம். கோட்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் கூரையும் போட முடியாது.

அண்ணன் நாள் கணக்கில் பெயின்ட் அடித்தார். காது, தாடி, செருப்பு எல்லாம் ஊதா. பக்கத்துத் தோட்டத்துப் பசுவின் வாலில்கூட ஒரு தீற்று இருந்தது. ஆனால் கோடு காய்வதற்குள் இன்னொரு மரம் விழுந்தது.

ஏட்டு விடவில்லை. இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சி ரோந்து ஜீப்பை மாலையில் அந்தச் சாலைக்குத் திருப்பினார். இன்ன கிழமை என்றில்லாமல் மாற்றி மாற்றி அனுப்பினார். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் திருட்டு நின்றேவிட்டது. அண்ணன் தோட்டத்தில் மட்டும் நிற்கவில்லை. ஜீப் வராத மாலையாகப் பார்த்து, பிசகாமல், மரம் போனது.

ரோந்து என்றைக்கு என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் ஸ்டேஷனுக்கு வெளியே ஏட்டுவும் அண்ணியும் மட்டுமே. அந்தச் சாலை தோட்டத்துக் கேட்டோடு முடிந்துவிடுகிறது. உள்ளே போய்த்தான் ஜீப் திரும்ப முடியும். அதனால் ரோந்து உள்ள நாளில் ஏட்டு காலையிலேயே அண்ணியின் தையல் கடைக்குப் போன் செய்வார். அண்ணன் தோட்டத்திலிருந்து வீடு திரும்பிய பிறகு அண்ணி போய் கேட் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு வருவார். மற்ற நாளில் பூட்டு. அண்ணனிடம்கூடச் சொல்ல வேண்டாம், அவர் டீக்கடையில் உளறிவிடுவார் என்பது ஏட்டுவின் ஏற்பாடு.

அப்படியானால் திருடனுக்குச் சொல்வது யார்? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ஏட்டு வேறு எதையாவது நினைக்க ஆரம்பித்துவிடுவார். அண்ணியை அவர் அம்மா இடத்தில் வைத்திருப்பவர்.

*

ஜீப் கோர்ட் வேலையாகப் போயிருந்தது. ஏட்டு பைக்கிலேயே போய்ச் சேர்ந்தார்.

பம்ப் அறை வாசலில் கையில் தடியோடு அண்ணன். பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் தங்கச்சி உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். செய்தி கேட்டதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாளாம். அவள் புருஷனுக்குச் சொந்தமாக மர லாரிகள் ஓடுகின்றன. வீட்டில் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளை.

“என்னடா, சைக்கிள்ல வர வேண்டியதுதானே?” என்றார் அண்ணன். “ஜீப் எங்க? திருடனைப் பிடிச்சு வெச்சாலும் வந்து ஏத்திக்கிட்டுப் போக உங்களுக்கு வண்டி கிடையாது.”

கதவைத் திறந்தால், குழாயின் மேல் குந்தியிருந்தார் தேன்காரர். தேன் எடுப்பதற்காக ஊர் ஊராக மரம் ஏறுகிறவர். கையில் தகர டின், சட்டையெல்லாம் புகை வாசனை. விடிந்ததும் ஓடைப் பக்கத்து மரத்திலிருந்து இறங்கியவரை அண்ணன் காலைப் பிடித்து இழுத்திருக்கிறார். ஏட்டு எத்தனை விதமாகக் கேட்டும் தேன்காரர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

“நான் வந்த வழியில கோடு இல்லீங்க ஏட்டய்யா.”

மரம் வெட்டுகிறவன் ரம்பம் கொண்டு வருவான், டின் கொண்டு வர மாட்டான் என்று ஏட்டு சொல்லிப் பார்த்தார். அண்ணன் காதில் வாங்கவில்லை. இன்றைக்குள் இந்த ஆள்மேல் கேஸ் போட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக் காலை பதிவாளர் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்தக் கையெழுத்துதான் வீட்டை இரண்டாக்கியிருந்தது. அப்பா மூன்று பிள்ளைகள் பேரிலும் எழுதிவைத்த நிலம் அது. மாப்பிள்ளை விலைக்குக் கேட்கிறார். அண்ணனுக்குச் சம்மதம், தங்கச்சிக்கும் சம்மதம். ஏட்டு மட்டும் பிடி கொடுக்காமல் இருந்தார். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அண்ணி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள் அவை. திருட்டை நிறுத்திக் காட்டுகிறேன், அதற்குப் பிறகு விற்பதைப் பற்றிப் பேசலாம் என்று தவணை வாங்கியிருந்தார். அந்தத் தவணை இன்றோடு தீர்கிறது.

“உன் ஜீப் வந்தா திருடனுக்கு ஒருநாள் லீவு, அவ்வளவுதான். போலீசுக்குப் பயந்து எவனும் தொழிலை விடல” என்றார் அண்ணன்.

“பக்கத்துத் தோட்டத்துல எல்லாம் நின்னுடுச்சே, அது எப்படி?”

“அங்க நின்னதுதான் இங்க வந்திருக்கு. கொசுவத்தி ஏத்தினா கொசு சாகுதா? அடுத்த ரூமுக்குப் போகுது.”

தங்கச்சி டீயை நீட்டினாள். பெரியண்ணனின் கால் வீக்கத்தைப் பார், ராத்திரியெல்லாம் இருமல், இந்தத் தோட்டத்தைக் காக்கப் போய் ஆளே போய்விடுவார் என்று தழுதழுத்தாள். தேன்காரர் சொன்ன வழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏட்டு ஓடைப் பக்கம் நடந்தார்.

*

தேன்காரர் பொய் சொல்லவில்லை. ஓடையிலிருந்து ஏறி வரும் ஒற்றையடிப் பாதையின் இரண்டு பக்கமும் இருந்த மரங்களில் கோடு இல்லை. அதற்கு முந்தின மரத்தில் இருக்கிறது, பிந்தின மரத்திலும் இருக்கிறது. இந்த இரண்டில் மட்டும் இல்லை.

ஆனால் இருந்திருக்கிறது. ஏட்டு குனிந்து பார்த்தார். மேல்பட்டையை மெல்லிசாகச் சீவி எடுத்து, அந்த இடத்தில் ஈரமண்ணைப் பூசியிருந்தார்கள். வேரடியில் இலைகளுக்குக் கீழே ஊதாச் சுருள்கள்.

திருடன் செய்கிற வேலையா இது? கோடு வேண்டாம் என்றால் அரிவாளால் இரண்டு கொத்து கொத்திவிட்டுப் போவான். இங்கே மரத்துக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல் உள்பட்டையில் கீறல் விழாமல் எடுத்திருக்கிறார்கள்.

கைக்குட்டையால் மண்ணைத் துடைத்ததும் இன்னொன்று தெரிந்தது. சீவிய இடத்தைச் சுற்றி வெளிர்நீலத்தில் ஒரு கோடு. நான்கு மூலையும் வளைவாக, நறுவிசாக. அடுத்த மரத்திலும் அதே மாதிரி.

தையல்காரர்கள் துணியில் போடும் சாக்பீஸ்.

கத்தரி வைப்பதற்கு முன்னால் கோடு போட்டுப் பழகிய கை. பெயின்ட் கோட்டை வெட்டி எடுப்பதற்கும் அதைச் சுற்றி அளவுக்கோடு போடாமல் இருக்க முடியவில்லை அந்தக் கைக்கு. ஏட்டு கைக்குட்டையாலேயே இரண்டு மரத்திலும் சாக்பீஸை அழித்தார். இத்தனை வருஷ சர்வீசில் தடயத்தை அழித்தது இதுவே முதல் தடவை.

திரும்பி வந்து, வழியில் கோடு இல்லை, கேஸ் நிற்காது என்று மட்டும் சொன்னார். கோட்டை யார் எடுத்தது என்று அண்ணன் குதிப்பார் என எதிர்பார்த்தார்.

அண்ணன் குதிக்கவில்லை. “அவன் என்ன சொல்றான்? யாரையாவது பாத்தேன்னு ஏதாவது உளறினானா?” என்று கேட்டார்.

இல்லை என்றார் ஏட்டு. தேன்காரரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டார். வண்டி ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

*

அண்ணியின் கடை, ஒரு மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் செருகி வைத்த மாதிரி இருக்கும். வெட்டும் மேஜை போட்டால் ஆள் நிற்க இடமில்லை. சுவரெல்லாம் பாதி தைத்த சட்டைகள், கை இல்லாமலும் காலர் இல்லாமலும். ஏட்டுவின் பின்னால் தேன்காரரைப் பார்த்ததும் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அண்ணியின் கால் நின்றது.

“ஓடைப் பக்கத்துக் கோட்டை எடுத்தது நீங்கதானே அண்ணி?”

“ஆமா.”

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வார் என்று ஏட்டு நினைக்கவில்லை. அடுத்த கேள்வியைத் தயார் செய்யாமல் வந்துவிட்டார்.

அண்ணியே சொன்னார். தேன்காரரைத் தோட்டத்துக்குள் அனுப்பியதும் அவர்தான். சாயங்காலம் ஏதாவது ஒரு மரத்தில் ஏறி உட்கார்ந்து யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று பார்க்கச் சொல்லியிருந்தார். நேற்று மாலை ஏறியவர் மரத்திலேயே கண் அசந்துவிட்டார், அதனால்தான் காலையில் மாட்டினார். தனக்காகக் காவல் இருக்கிற மனிதர் அத்துமீறி நுழைந்தவர் என்று ஜெயிலுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக அவர் வருகிற வழியில் கோட்டை எடுத்துவிட்டார். கோடு இல்லாத இடத்தில் குற்றம் இல்லை என்று அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவரே ஏட்டுதான்.

“இதை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே அண்ணி. போலீஸ்காரன் நான் ஒருத்தன் இருக்கேனே.”

அண்ணி பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்தார். “ஜீப் வராத நாளாப் பாத்து மரம் போகுது. அந்த நாள் தெரிஞ்சது நீங்களும் நானும். நான் சொல்லல. மிச்சம் யாரு?”

ஏட்டு தன்னையே விரலால் சுட்டிக்காட்டினார்.

“உங்களைத்தான் தம்பி சந்தேகப்பட்டேன். மனசு கேக்கல. ஆனா சந்தேகப்பட்டேன்.”

“நான் உங்களைச் சந்தேகப்பட்டேன் அண்ணி” என்றார் ஏட்டு மெதுவாக.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மேஜையின் மேலிருந்த துணியைப் பார்த்தார்கள். தேன்காரர்தான் தொண்டையைச் செருமினார். அண்ணி தலையசைத்ததும் பார்த்ததைச் சொன்னார். சென்ற வாரம் ஒருநாள், இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சின்ன வண்டி கேட் வரைக்கும் வந்தது. வந்தவர் இறங்கவே இல்லை. கேட்டைப் பார்த்தார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அதே வண்டி, அதே நேரம். அன்றைக்கு இறங்கி வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு யாருக்கோ போன் பண்ணினார். அதற்குப் பிறகுதான் தோட்டத்தின் மறுகோடியில் ரம்பச் சத்தம் கேட்டது. இறங்கிப் போகத் தேன்காரருக்குத் தைரியம் வரவில்லை.

“ஆளு யாரு? ஆம்பளையா, பொம்பளையா?”

“ஹெல்மெட் போட்டிருந்தாங்க. மேல இருந்து பாத்தா சட்டிதான் தெரியுது.”

ஊரையே ஹெல்மெட் போட வைக்க முடிந்த போலீசால் ஒரு மரத்தைக் காப்பாற்ற முடியவில்லை என்று, இதைக் கேட்டிருந்தால் அண்ணன் நக்கல் அடித்திருப்பார். ஏட்டுவின் மனம் வேறொன்றில் நின்றது. முதல் நாள் பார்த்துவிட்டுப் போனவர், மறுநாள் ஏன் துணிந்தார்?

“அண்ணி, போன வாரம் ரோந்து வந்த அன்னைக்குக் கேட் திறந்துதானே இருந்தது?”

“சங்கிலியைக் கழட்டித் தொங்கவிட்டிருந்தேன். எப்பவும் செய்யறதுதானே. மறுநாள் பூட்டி...” என்று தொடங்கிய அண்ணியின் கை நெஞ்சுக்குப் போனது.

யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. கேட் திறந்திருந்தால் போலீஸ் வருகிறது. பூட்டியிருந்தால் வரவில்லை. ஊரில் எல்லாரும் திருடனுக்குப் பயந்து பூட்டு போடுகிறார்கள். இவர்கள், இன்றைக்குப் பயமில்லை, தாராளமாக வரலாம் என்று திருடனுக்குச் சொல்லப் பூட்டு போட்டிருக்கிறார்கள்.

“திருடன் போலீசுக்குப் பயப்படத்தான் செய்யறான் அண்ணி. எந்த நாள் பயப்படணும்னு நாமதான் அவனுக்குச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்.”

வழிப்போக்கனுக்குக் கேட் திறந்திருப்பதும் பூட்டியிருப்பதும் ஒன்றுதான். ஜீப் அங்கேதான் திரும்புகிறது என்று தெரிந்த ஆளுக்குத்தான் அதற்கு அர்த்தம் புரியும். தோட்டத்துக்கு வந்து போகிற ஆள். இதை ஏட்டு சொல்லவில்லை. அண்ணியும் கேட்கவில்லை.

“இன்னைக்கு பூட்டுங்க” என்றார் ஏட்டு. “நான் பம்ப் ரூம்ல இருக்கேன். நாளைக் காலையில கையெழுத்துக் கேட்கறதுக்குள்ள ஆள் யாருன்னு எனக்குத் தெரியணும்.”

“நானும் வரேன்.”

“எதுக்கு அண்ணி, ஆபத்து...”

“உங்களைத் தனியா உக்கார விட மாட்டேன்” என்றார் அண்ணி. அக்கறையா, இன்னும் மிச்சமிருக்கிற சந்தேகமா என்று ஏட்டுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

*

கால் வீக்கத்துக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் அன்று வெயில் தாழ்வதற்கு முன்பே தோட்டத்தை விட்டுப் போயிருந்தார். அண்ணி கேட்டைப் பூட்டினார். ஏட்டு பைக்கைப் புதருக்குள் தள்ளி மறைத்தார். பம்ப் அறையின் ஜன்னல் கம்பி வழியே கேட் நேராகத் தெரிந்தது. உள்ளே டீசல் நாற்றம். பாதி வெளிச்சத்தில் எல்லை மரங்களின் ஊதா கறுப்பாக மாறிக்கொண்டிருந்தது.

வண்டிச் சத்தம் கேட்டது.

ஸ்கூட்டர் வந்து நின்றது. வந்த உருவம் இறங்கி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தது. பிறகு போன் பேசுவதற்காக ஹெல்மெட்டைக் கழற்றியது.

அண்ணியின் விரல்கள் ஏட்டுவின் தோளில் அழுந்தின.

தங்கச்சி.

ஏட்டுவின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் அவளுடைய பெயர்தான் ஒளிர்ந்தது. திரை வெளிச்சத்தில் அண்ணி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. இந்த மாதம் முழுக்க இதே நேரத்துக்கு இவள் அடிக்கடி கூப்பிட்டது அவர் நினைவுக்கு வந்தது. கல்யாணமாகிப் போனவளுக்கு இப்போதுதான் சின்னண்ணன் ஞாபகம் வந்திருக்கிறது என்று அவர் சந்தோஷப்பட்டிருந்தார்.

எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சொல்லும்மா.”

“சின்னண்ணா, சாப்பிட்டியா?” ஜன்னலுக்கு வெளியே அவள் உதடு அசைவதும் காதில் குரல் விழுவதும் ஒரே நேரத்தில் நடந்தது. “காலையில உன் முகமே சரியில்ல. அதான் கூப்பிட்டேன். எங்க இருக்கே?”

உண்மையைச் சொன்னால் அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். அண்ணன் தங்கை உறவு தப்பிக்கும். மரமும் இன்றைக்குத் தப்பிக்கும். நாளைக் காலையில் நிலம் போகும்.

“ஸ்டேஷன்லதான்மா.”

“அப்ப இன்னைக்கு ரோந்து கிடையாதா?”

ஏட்டு கண்ணை மூடிக்கொண்டார்.

“கிடையாது. ஜீப் கோர்ட் வேலையா போயிருக்கு. யாரும் வரல.”

“சரிண்ணா. நேரத்தோட தூங்கு. நாளைக்குக் காலையில பாக்கலாம்.”

போனை வைத்தாள். ஆனால் வண்டியில் ஏறவில்லை. இன்னொரு எண்ணை அழுத்தி, கேட்டில் சாய்ந்துகொண்டு காத்திருந்தாள். மாப்பிள்ளைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார் ஏட்டு. கேஸ் எப்படி எழுதுவது, அண்ணனுக்கு இதை எப்படிச் சொல்வது என்றுகூட அவர் மனம் போய்விட்டது. ஆள் நடமாட்டம் இல்லாத சாலை. அவள் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

“பெரியண்ணா, பூட்டித்தான் இருக்கு. சின்னவன் ஸ்டேஷன்ல இருக்கான், நான் கேட்டுட்டேன். நீ ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வா.”

அவள் கூப்பிட்டது மாப்பிள்ளையை அல்ல, அண்ணனை.

பெயின்ட் அடித்த கை. காலையில் தடியோடு நின்ற கை. யாரையாவது பார்த்தேன் என்று உளறினானா என்று கேட்ட வாய். திருட்டு நின்றுவிட்டால் கையெழுத்து கிடைக்காது என்று தெரிந்த ஆள். ஏட்டு எழுந்தார். கதவை நோக்கி நகர்ந்தவரின் சட்டையைப் பின்னாலிருந்து அண்ணி பிடித்தார்.

“உக்காருங்க தம்பி.”

“அண்ணி, அவளை இப்பவே...”

“உக்காருங்கன்னேன்.” ஜன்னல் கம்பியை விட்டு அண்ணியின் பார்வை நகரவில்லை. “டாக்டர்கிட்டப் போறேன்னு என்கிட்டச் சொல்லிட்டுப் போன மனுஷன். அவர் இந்தக் கேட்டைத் தாண்டறதை நான் என் கண்ணால பாக்கணும்.”

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது.